முஸ்பிறா ராத்தாவின் பதினேழு முட்டைகள்

எனக்குக் கோழி பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மருதமுனையில் என் வீட்டுக்கும் எனக்கு மூத்தவளான முஸ்பிறா ராத்தாவின் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் கலியாணம் முடித்து எங்கும் போவதில்லை, மாப்பிள்ளைமார்தான் வந்து சேருவார்கள். வாப்பா ஒரே வளவை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் வீடு கட்டித் தந்தார். அதனால் இத்தனை வருஷமும் ராத்தா வீட்டுக் கோழிகள் மதிலேறி வந்து என் கீரைப் பாத்தியைக் கிளறியிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்கிவிட்டு வந்து, வீட்டில் கோழிகளோடு மல்லுக்கட்டுவேன்.

கோழிகள் ராத்தாவுடையவை அல்ல. அவள் மாப்பிள்ளை அபுல் ஹஸன் மச்சானுடையவை. அவர் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். பதினைந்து வருஷத்துக்கு முன் நாவிதன்வெளியில் சாமித்தம்பி என்ற வயல்காரர் வீட்டுக்குக் கரண்ட் இழுக்கப் போனவர், வரும்போது ஒரு சேவலையும் ஒரு பேட்டையும் கொண்டுவந்தார். இரண்டும் மொட்டைக்கழுத்து. தலையின் கீழிருந்து நெஞ்சு வரைக்கும் ஒரு மயிர் கிடையாது, சிவந்த தோல் மட்டும்தான். உரித்த கோழி உயிரோடு எழும்பி நடந்து வருவது போல இருக்கும். முதல் நாள் அதைக் கண்டு என் மகள் சோறு சாப்பிடவில்லை.

அந்தச் சோடியிலிருந்து மச்சான் ஒரு கூட்டத்தையே உண்டாக்கினார். அடைக்கோழியை நம்பாமல், ஐஸோடு மீன் கொண்டுவருகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் இரண்டு பல்பும் ஒரு சூடுமானியும் பொருத்தி, குஞ்சு பொரிக்கிற பெட்டியைத் தானே செய்தார். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போடுவார். காலையில் வட்டம் மேலே இருந்தால் பகலில் புள்ளடி மேலே இருக்க வேண்டும். பதினெட்டு நாள் இப்படித் திருப்பி, பிறகு கை வைக்காமல் விட்டால் இருபத்தோராம் நாள் குஞ்சு வரும். பிறந்ததில் சிலதுக்குக் கழுத்தில் மயிர் இருக்கும். அதை அவர் கணக்கில் எடுப்பதே இல்லை.

மூன்று மாதமானதும் ஒவ்வொன்றையும் மடியில் வைத்துப் பார்ப்பார். கழுத்தில் ஒரு சின்னக் குஞ்சம்கூட இருக்கக் கூடாது, கால் மஞ்சளாக இருக்க வேண்டும், இன்னும் என்னென்னவோ. தேறினால் வலது காலில் சிவப்பு வயர் ஒன்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி குத்தாமல் உள்ளே மடக்கி முறுக்குவார். அந்த முறுக்கு அவர் கைக்கு மட்டும்தான் வரும். நான் ஒருமுறை செய்துபார்த்தேன், அடுத்த நாளே அவிழ்ந்துவிட்டது. தேறாதது சட்டிக்குப் போகும். வயர் கட்டினதைப் பெருநாளைக்கும் அறுக்கமாட்டார், விற்கமாட்டார், யாருக்கும் கொடுக்கவும் மாட்டார்.

கொடுக்கமாட்டார் என்பதில் ஒரு கதை இருக்கிறது. யாராவது அடை வைக்க முட்டை கேட்டால் இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வராது. சிரித்த முகத்தோடு ஆறு முட்டை எடுத்துக் கொடுப்பார். கொடுக்க முன்னம் குசினிக்குள் போய் அவற்றை வெந்நீரில் ஒரு முக்கு முக்குவார். பிறகு எந்தக் கோழி எத்தனை நாள் அடை கிடந்தாலும் குஞ்சு வராது. ஐந்து நேரமும் தொழுகிற மனிதர், பொய் சொல்லாதவர், வயரிங் வேலையில் ஒரு முழம் வயர் களவெடுக்காதவர். முட்டையில் மட்டும் இந்தக் கள்ளம். இந்த இனம் தன் வளவில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பைத்தியம்.

பெரியநீலாவணைக் கஜனிக்கும் அப்படித்தான் கொடுத்தார். ராத்தா, வீட்டிலேயே இருந்து ஊராருக்கு உடுப்புத் தைக்கிறவள். கஜனி தன் மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தைக்கக் கொண்டுவந்தவள், கோழியைக் கண்டு ஆசைப்பட்டு முட்டை கேட்டாள். ஒரு மாதம் கழித்து வந்து, "எல்லாம் கூழ் முட்டையாப் போயிட்டு அக்கா, என்ட கோழிதான் சரியில்ல போல" என்று தன் கோழியைக் குறை சொன்னாள். ராத்தா தலையைக் குனிந்துகொண்டு மெசினை மிதித்தாளாம். இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும்.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் மச்சானுக்கு ஒரு புதுப் பழக்கமும் வந்தது. சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியநீலாவணைக்கு மீன் வாங்கப் போவார். எங்கள் கடற்கரையிலேயே தோணி வந்து நிற்கும்போது அங்கே போவானேன்? கொண்டுவருகிற மீனும் ஒரு மாதிரி, செவுள் வெளுத்து, கண் உள்ளே போய், பூனைக்குப் போட்டால் பூனை யோசிக்கும். ராத்தா அவரை வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே புளியை அள்ளிப் போட்டுச் சமைப்பாள். நான் மதிலுக்கு மேலால் எட்டி, "என்ன மச்சான், அங்க மீனா, வேற ஏதுமா?" என்று கேட்பேன். "வேற ஏதும்தான் புள்ள" என்று சிரிப்பார்.

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சுபஹுத் தொழுதுவிட்டு வந்து முட்டைகளைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். ராத்தா ஊற்றிக்கொண்டு வரும்போது கதிரையில் சரிந்து கிடந்தார். ஐம்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எங்கள் ஆறுதலுக்குத்தான். அன்று அஸருக்குப் பிறகு அடக்கம்.

ராத்தா அழவில்லை. வந்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், அவள் அவர்களின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். முன்மண்டபத்தில் மையத்துக் கிடக்கும்போதே ளுஹர் நேரத்தில் எழும்பி அறைக்குள் போனாள். தனியாக அழப் போகிறாள் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து பதினேழு முட்டைகளையும் ஒவ்வொன்றாக வட்டத்திலிருந்து புள்ளடிக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். அன்று அவற்றுக்கு ஏழாம் நாள்.

"என்ன ராத்தா இது?" என்றேன்.

"நேரமாச்சி" என்றாள்.

ஜனாஸாவைத் தூக்க முன்னம் மகன் அஸ்கி முன்னால் நின்று, எங்கட வாப்பா ஆருக்கும் ஏதும் அநியாயம் செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க என்று கேட்டான். மையத்துக்காக மன்னிப்புக் கேட்கிற வழக்கம்தான். உள்ளே வந்து உம்மாவிடமும் கேட்டான். "பொருந்திக்கிட்டன்" என்றாள் ராத்தா. கேட்டு முடிந்த பிறகும் அவள் வாய் எதையோ சொல்ல வந்தது போல் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு அவளுக்கு இத்தா தொடங்கியது. மாப்பிள்ளை மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. எங்கள் ஊரில் வெள்ளையும் உடுத்துவார்கள். பெண்கள் கூடி, கண்ணாடியைக் கழற்றி, தையல் மெசினை வெளியே எடுத்து, அறையை ஒழுங்கு செய்தார்கள். ரெஜிபோம் பெட்டியையும் தூக்கப் போனார்கள். "அது இருக்கட்டும்" என்றாள் ராத்தா. அன்றைக்கு அவள் கதைத்த நீளமான வசனம் அதுதான்.

மூன்றாம் நாள் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுக்க வேண்டும். மச்சானின் மூத்தவர் பக்கீர் முகைதீன் பொறுப்பெடுத்தார். நல்ல மனிதர். தம்பியை நினைத்து மூன்று நாளும் ஒழுங்காகச் சாப்பிடாதவர். அவருக்கு ஒரு எண்ணம் தோன்றியிருக்கிறது. கடையில் கோழி வாங்கிக் கொடுப்பதைவிட, தம்பி தன் கையால் வளர்த்த கோழியை அறுத்துக் கொடுத்தால் அந்த நன்மை தம்பிக்கு நேரே போய்ச் சேரும். யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, வளவு நிறையக் கோழி நிற்கிறது.

பின்வளவில் 'பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்' என்று கேட்டதும் நான் வெளியே போனேன். பக்கீர் முகைதீன் கண் கலங்கிக்கொண்டே அறுத்துக்கொண்டிருந்தார். உரிக்கிறவர்கள் கால்களை வெட்டி ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். வாழையிலையில் மஞ்சள் கால்களும் அவற்றில் சிவப்பு வயர்களும் கிடந்தன. நான் ராத்தாவின் அறைக்கு ஓடினேன்.

"ராத்தா, வயர் கட்டினதையும் அறுக்கிறாங்க. போய் நிப்பாட்டவா?"

அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அந்தச் சத்தமெல்லாம் அவளுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். "சேவல் போயிட்டா?" என்றாள்.

"ஓம்."

"அப்ப விடு."

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போய் நிறுத்தியிருப்பேன் என்று பிறகு பலரிடம் சொன்னேன். உண்மை அதில்லை. எனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது, இனிக் கீரைப் பாத்தி தப்பும் என்று. மௌத்து வீட்டில் நின்றுகொண்டு கீரையை நினைத்தவள் நான். அதற்காக இன்றைக்கும் என்னில் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

பகல் ஒரு பீங்கானில் சோறும் கோழி ஆணமும் கொண்டுபோய் வைத்தேன். பாத்திஹா ஓதின சோறுதான், ஆனாலும் அவர் வளர்த்த கோழி, வேண்டாமென்று சொல்வாள் என்று நினைத்தேன். முழுவதையும் சாப்பிட்டாள். எலும்பைக்கூட ஒழுங்காக ஓரத்தில் அடுக்கினாள்.

பின்னேரம் எல்லோரும் போன பிறகு முட்டைகளைத் திருப்பிக்கொண்டே கதைத்தாள்.

"ஹிமாயா, இனி இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதுதான். இதுல ஒரு சேவலும் ஒரு பேடும் வந்தாக் காணும்."

"வராட்டி?"

"வராட்டி அவர்ர கோழி முடிஞ்சி."

கடைசி முட்டையையும் திருப்பிப் பெட்டியை மூடிவிட்டு, கஜனியின் கதையைச் சொன்னாள். கஜனி தன் கோழியைக் குறை சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து ராத்தாவுக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த முறை சட்டை வாங்க வந்தபோது, மச்சான் வேலைக்குப் போன நேரம் பார்த்து, வயர் கட்டின பேடுகள் இட்ட எட்டு முட்டைகளை எடுத்து, தைத்த சட்டைக்குள் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். மச்சானிடம் சொல்லவில்லை.

"ரெண்டு வருஷமாச் சொல்லல்ல. இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தன். அவருக்கு உசிர மாதிரி இருந்த ஒண்ட நான் களவாக் குடுத்திட்டன். இனி ஆருட்டப் பொருத்தம் கேக்கிற?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அன்று ஜனாஸாவில் அவள் வாய் எதற்காகத் திறந்திருந்தது என்று. மையத்துக்காக உயிரோடு இருப்பவர்களிடம் பொருத்தம் கேட்பார்கள். உயிரோடு இருப்பவளுக்காக மையத்திடம் கேட்க யாருமில்லை.

"அப்ப கஜனிட்ட இருக்குமே ராத்தா. அதுல ரெண்ட வாங்கினாச் சரிதானே?" என்றேன்.

"இருக்கோ செத்திட்டோ தெரியா. அவட புள்ளைக்கு இப்ப வேற ஆரோ தைக்கிறாங்க, இஞ்சால வாறதே இல்ல. இருந்தாலும் அது களவு முட்டைல வந்தது. பெட்டில இருக்கிறதுதான் அவர் கையால வெச்சது."

அதன் பிறகு நாட்கள் ஒரே மாதிரிப் போயின. தொழுவாள், முட்டையைத் திருப்புவாள், படுப்பாள். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் கேட்கமாட்டாள். மச்சானின் சாரனும் சேட்டும் கதவில் தொங்கின. எடுக்கவா என்றால், "இருக்கட்டும்" என்பாள், வைக்கவா என்றாலும் அதையே சொல்லியிருப்பாள். எனக்குச் சில நேரம் ஆத்திரமாக வரும். கத்தி அழு, தலையில் அடித்துக்கொள், என்னையாவது ஏசு என்று சொல்ல வாய் வரும். பள்ளிக்கூடத்தில் அழாத பிள்ளைதான் எனக்கு எப்போதும் பயம்.

முட்டைகளுக்குப் பத்தொன்பதாம் நாள் காலையில் கரண்ட் நின்றது. மூன்று மணித்தியாலம் வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கும்போது பெட்டியைச் சுற்றி வெந்நீர்ப் போத்தல்கள், மேலே மச்சானின் சாரன். ராத்தா பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி இருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. அந்தச் சாரனைக் கதவிலிருந்து எடுத்த கதையையும் சொல்லவில்லை.

இருபத்தோராம் நாள் பகல் ஓடு உடைகிற சத்தம் கேட்டது. பதினேழில் ஆறு ஏற்கெனவே கரு இல்லாதது என்று லைட் அடித்துப் பார்த்து எடுத்திருந்தோம். மிச்சம் பதினொன்றில் ஐந்துதான் வெளியே வந்தது. அதில் மூன்றுக்குக் கழுத்தில் மயிர் இருந்தது. இரண்டுக்கு இல்லை. கோழி பிடிக்காத நான்தான் அந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "ரெண்டு ராத்தா, ரெண்டு!" என்று துள்ளினேன். அவள் "ம்" என்றாள்.

நாலாம் நாள் அதில் ஒன்று காலை நீட்டிக்கொண்டு கிடந்தது. ராத்தா அதை எடுத்து, கடதாசியில் சுற்றி என்னிடம் தந்தாள்.

"ஒண்டு" என்றாள். அவ்வளவுதான்.

மயிர்க் கழுத்து மூன்றையும் நான் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மற்றது ராத்தாவோடு அறையிலேயே வளர்ந்தது. கட்டிலுக்குக் கீழே படுக்கும், ராத்தாவின் வெள்ளைப் புடவையின் ஓரத்தைக் கொத்தும். பேடாக இருந்துவிட்டால் நாவிதன்வெளிப் பக்கம் ஒரு சேவல் தேடலாம் என்று நான் மனக்கணக்குப் போட்டேன். இரண்டு மாதத்தில் அதன் கொண்டை சிவந்து வந்தது. மூன்றாம் மாதம் ஒரு காலையில், தொண்டை கட்டின மனிதன் இருமுவது போல் ஒரு சத்தம் போட்டது. சேவல்.

அன்று ராத்தாவைப் பார்க்க வந்திருந்த எங்கள் மாமி ஒருத்தி வாயில் கையை வைத்தாள். "என்ன கா இது! இத்தா இருக்கிற அறைக்குள்ள ஆம்புள ஒண்ட வெச்சிருக்கிறீங்களே!" என்றாள். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்தா சிரிப்பதற்காக வாயை அசைத்தாள், சிரிப்பு வரவில்லை.

மச்சானின் சாமான் பெட்டியிலிருந்து ஒரு துண்டுச் சிவப்பு வயரைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். சேவலின் கழுத்தில் ஒரு குஞ்சம் இல்லை, கால் நல்ல மஞ்சள். எனக்கே தெரிந்தது அது தேறிவிட்டதென்று.

"கட்டு ராத்தா."

"அது அவர் பாத்துக் கட்டுறது. நான் ஆரு கட்டுறதுக்கு?"

"அப்ப கஜனிட்டயாவது கேப்பம். மௌலவிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாறன், அது களவாகுமா எண்டு."

"மௌலவி பொருந்தினா அவர் பொருந்தினதாகுமா?" என்றாள்.

வயரைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.

இத்தா முடிகிற நாள் வந்தது. பெண்கள் வந்து ராத்தாவைக் குளிக்க வார்த்து, வெள்ளையைக் களைந்து நீலப் புடவை உடுத்தி, துஆ ஓதி, பாலும் பழமும் கொடுத்தார்கள். இனி முதன்முதலாக வெளியே போக வேண்டும். பக்கீர் முகைதீன் தன் வீட்டில் சாப்பாடு சமைத்து வைத்துக்கொண்டு ஆளனுப்பியிருந்தார். அறுத்த கோழிகளைப் பற்றி யாரோ பிறகு அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் அன்றிலிருந்து இந்தப் பக்கம் தலைகாட்டவே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

"பின்னேரம் வாறன் எண்டு சொல்லுங்க. முதல்ல பெரியநீலாவணைக்குப் போகணும்" என்றாள் ராத்தா.

சேவலை ஒரு ஓலை உமலுக்குள் வைத்து, தலை வெளியே தெரியும்படி பையின் வாயைக் கட்டி எடுத்துக்கொண்டாள். ஓட்டோவில் நானும் ஏறினேன். மெயின் ரோட்டில் நாலு மாதமாகப் பார்க்காத கடைகளையெல்லாம் தாண்டிப் போனோம். அவள் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டேன்.

"இது தனியா நிண்டு என்ன செய்யிற? களவு முட்டைல வந்ததெண்டாலும் கஜனிட்ட இருந்தா ஒரு பேடு கேப்பன். அதுகள் செத்துப்போயிருந்தா இதையும் அவட்டயே விட்டுட்டு வந்திருவன். பாவமெண்டாலும் ஒரு இடத்துல கிடக்கட்டும்."

கடற்கரைப் பக்கம் நாலைந்து வளவு தள்ளி, கஜனியின் வீட்டுக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தினோம். கிடுகு வேலிக்கு உள்ளே வலை காய்ந்துகொண்டிருந்தது. அந்த வலைக்கு அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டு அவை நின்றன. பெரியது, சின்னது, தாய், குஞ்சு. நான் எண்ணத் தொடங்கி இருபதில் விட்டுவிட்டேன். அத்தனையும் மொட்டைக்கழுத்து. உமலுக்குள்ளிருந்த சேவல் தலையை நீட்டிக் கூவியது.

கஜனி ஓடி வந்து ராத்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அபுல் ஹஸன் நானா மோசம் போன அண்டைக்கே வந்தனான். கேற்றடியில ஆம்புளைகள் கூட்டமா நிண்டது, உள்ளுக்கு வர வெட்கமாப் போயிட்டு. பிறகு நீங்க ஆரோடயும் கதைக்கிறல்ல எண்டு சொன்னாங்க" என்று அழுதாள்.

ராத்தா அவளைப் பார்க்கவில்லை. ஒரு பேட்டின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அந்தப் பேட்டின் வலது காலில் சிவப்பு வயர் இருந்தது. பக்கத்தில் நின்ற சேவலுக்கும் இருந்தது. அந்தப் பக்கம் நின்ற இன்னும் மூன்றுக்கும் இருந்தது.

"இது ஆரு கட்டின?" என்றாள் ராத்தா. அவள் குரல் எனக்கே மட்டுமட்டாகத்தான் கேட்டது.

கஜனி கண்ணைத் துடைத்தாள். "அபுல் ஹஸன் நானாதான். உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர். இப்ப சொல்லலாம்தானே?"

முட்டை கொடுத்து நாலு மாதத்தில் மச்சான் கஜனி வீட்டு ஒழுங்கையில் இன்னொரு வீட்டுக்கு வயரிங் வேலையாக வந்திருக்கிறார். வேலிக்குள் குஞ்சுகளைக் கண்டதும் மோட்டார் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார். கஜனி வலைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாளாம்.

"ஆரு தந்த எண்டு கேட்டார். அக்காதான் எண்டன். அந்தத் தென்னங்குத்தில குந்திக்கிட்டார். நான் நினைச்சன், எல்லாத்தையும் பிடிச்சிக்கிட்டுப் போகப்போறாரெண்டு. கன நேரத்தால சிரிச்சார். 'இவ்வளவு காலத்துல என்னட்ட ஒளிச்சி அவ செஞ்ச ஒரே வேல இதுதான். செய்ய வேண்டிய வேலையத்தான் செஞ்சிருக்கா. எனக்குத் தெரியுமெண்டு அவவுக்குச் சொல்லிராத, அவட களவு அவட்டயே இருக்கட்டும்' எண்டார். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார் அக்கா. மிருக வைத்தியர் கந்தோர்ல மருந்தெடுத்து வந்து கண்ணுக்குச் சொட்டு விடுவார். மடியில வெச்சிப் பாத்து வயர் கட்டுவார். இதுகளோட நேரத்தப் போக்காட்டிட்டு, வெயிலேறின பிறகுதான் கடற்கரைக்கு ஓடுவார், மீன் வாங்காமப் போனா நீங்க பிடிச்சிருவீங்களெண்டு. அந்த நேரத்துக்கு அங்க என்ன மீன் கிடக்கும்? ஐஸும் படாமக் கிடந்த கழிவ அள்ளிக்கிட்டுப் போவார்."

ராத்தா உமலைக் கீழே வைத்தாள். மண்ணில் அப்படியே இருந்துவிட்டாள், நீலப் புடவையோடு. கஜனி அந்தப் பேட்டைப் பிடித்துக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். ராத்தா அதன் காலைத் தூக்கி, வயரைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு சுற்று, நுனி உள்ளே மடங்கியிருந்தது.

பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தாள். நாலு மாதமும் பத்து நாளும் நான் பார்க்காத ஒரு முகம்.

"ஹிமாயா, ஒண்டரை வருஷமா அந்த நாறல் மீன அவருக்கு ஏசி ஏசித்தானே கா சமைச்சன்" என்றாள். "ஒரு நாளாவது வாய் துறந்து சொன்னாரா? பேச்சையும் வாங்கிக்கிட்டு, அதையே தின்னுட்டு இருந்தாரே!"

அதன் பிறகு அழுதாள். கோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஊர் கேட்க, வாய்விட்டு அழுதாள். கஜனி அவளைத் தேற்றப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

வெளியே ஓட்டோக்காரர் ஹோன் அடித்தார். நான் போய், இன்னும் கொஞ்சம் நேரமாகும் என்று சொன்னேன்.